தண்ணீர் முறை யாருடையது? குன்னூர்க் கூட்டுத் தோட்டங்களுக்கு ஒரு செயலி

செடி வளர்ப்பவருக்கு உதவும் கைபேசிச் செயலிகளுக்கு இன்று பஞ்சமில்லை. இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோயின் பெயரைச் சொல்கின்றன. நாளை மழை உண்டா, மண்டியில் கேரட் என்ன விலை, எந்த மானியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் சொல்கின்றன. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடும்போது எழும் கேள்விகள் வேறு மாதிரியானவை. இந்த வாரம் தண்ணீர் விடுவது யார் முறை? மேல் பாத்திக்காரர் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய பீன்ஸ் முற்றிக்கொண்டிருக்கிறது, பறிக்கலாமா? வேலி சரிந்துவிட்டது, கழி வாங்க யார் பணம் போடுவது? குழாய்ச் சாவி யாரிடம் இருக்கிறது? கூட்டுத் தோட்டங்கள் பூச்சியால் பாழாவதைவிட, இந்தக் கேள்விகள் மனத்தாங்கலாக மாறுவதால்தான் அதிகம் பாழாகின்றன என்பது என் எண்ணம். அப்படியானால் இவர்களுக்கு உதவும் செயலி எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நீலகிரி மலையூரான குன்னூரில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

குன்னூரில் "கூட்டுத் தோட்டம்" என்று பலகை வைத்த இடங்களைத் தேடினால் அதிகம் கிடைக்காது. கூடி விளைவிக்கும் இடங்களோ எங்கும் இருக்கின்றன. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலை வரிசை முடியும் இடத்துக்கும் ஓடைக்கும் நடுவில், ஆளுக்கு ஒன்றிரண்டு சென்ட் என்று பிரித்துக்கொண்டு மேரக்காய்ப் பந்தலும் கீரையும் அவரையும் போடுகிறார்கள். நிலம் நிர்வாகத்தினுடையது, உழைப்பும் அறுவடையும் குடியிருப்பவர்களுடையவை. படகர் ஊர்களான ஹட்டிகளில் வீட்டை ஒட்டிய நிலத்தில் காய்கறி போடும் பழக்கம் தேயிலைக்கு முந்தியது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் குத்தகைக்கு எடுத்த துண்டுகள், பள்ளிக்கூடத்து மூலை, அங்கன்வாடிக் கீரைப் பாத்தி, ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பங்களாத் தோட்டம் என்று வகைகள் உண்டு. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பங்களும் லைன் வீட்டுக்குப் பின்னால் கீரை போடும் வழக்கத்தோடு வாழ்பவர்கள்தான்.

தோட்டக்கலை அறிவுக்கு இங்கே குறைவில்லை. சிம்ஸ் பூங்கா 1874இல் உருவானது. மே மாதப் பழக்கண்காட்சி இன்றும் அங்கேதான் நடக்கிறது. மலைப்பாதையில் கீழே இறங்கினால் 1871இல் தொடங்கிய பர்லியாறு பழப்பண்ணை, அதற்கும் கீழே 1900இல் தொடங்கிய கல்லாறு பழப்பண்ணை. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி 1893இல் தோன்றியது. அதன் தலைமையகமும் அது நடத்தும் வேளாண் அறிவியல் நிலையமும் குன்னூரில் இருக்கின்றன. வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம், ஊட்டி அருகே முத்தோரையில் 1957இல் வந்த உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். இவ்வளவு நிலையங்கள் சூழ்ந்த ஒரு மலையில், லைன் வீட்டுப் பெண் ஒருவர் தன் முட்டைக்கோஸ் ஏன் நண்பகலில் வாடி மாலையில் நிமிர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டாரைத்தான் கேட்கிறார். அறிவு இருக்கிறது. அது சரிவில் இறங்கிவரும் பாதைதான் இல்லை.

இருக்கும் செயலிகளை முதலில் பார்த்துவிடுவோம். தமிழக அரசின் 'உழவன்' 2018 ஏப்ரலில் வந்தது. மானியம், விதை–உர இருப்பு, சந்தை விலை, வாடகை இயந்திரம், வானிலை என்று பல வசதிகளை ஒரே இடத்தில் தமிழில் கொடுத்தது பெரிய காரியம். 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த 'மேகதூத்' வானிலையோடு வேளாண் ஆலோசனையையும் சேர்த்துத் தருகிறது. செவ்வாயும் வெள்ளியும் புதிய அறிவுரை வரும். ஜெர்மனியில் பிறந்த 'பிளான்டிக்ஸ்' இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கிறது, தமிழிலும் பேசுகிறது. 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற இலவச எண்ணை அழைத்தால் மனிதக் குரலே பதில் சொல்லும். வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளம் ஒரு நூலகத்துக்குச் சமம். இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவை எல்லாமே தனி விவசாயியை, அதிலும் சமவெளி விவசாயியை, மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் நீலகிரியின் மேற்கிலுள்ள அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர் மழை பதிவானது. அது தென்மேற்குப் பருவமழை. மேற்குச் சரிவில் இடித்துக் கொட்டுவது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் இவற்றுக்கு முக்கியமான மழை அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த மழை. "நீலகிரி மாவட்டத்தில் கனமழை" என்ற ஒற்றை வரி மலையின் இந்த இரு பக்கங்களுக்கும் ஒரே பொருளைத் தராது. வட்டார அளவுக்கு இறங்கினாலும் போதாது. குன்னூர் வட்டத்துக்குள்ளேயே பர்லியாறு ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கே மங்குஸ்தானும் ஜாதிக்காயும் காய்க்கின்றன. மலைப்பாதையில் மேலே வந்தால் 1,800 மீட்டருக்கு மேலுள்ள நகரத்தில் பிளம்ஸும் பீச்சும் பேரியும். ஒரே பேருந்துப் பயணத்தில் இரண்டு தட்பவெப்பம்.

பருவமும் அப்படித்தான். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சமவெளியின் அனுபவம். மலையில் உருளைக்கிழங்குக்காரர்கள் பேசுவது கார்போகம், கடைபோகம், நீர்போகம். முதலாவது கோடை மழையை ஒட்டியது, இரண்டாவது ஆகஸ்ட்–செப்டம்பரில் நடுவது, மூன்றாவது ஜனவரி வாக்கில் பாசனத்தை நம்பி நடுவது. ஜூலையில் "விதைக்க ஏற்ற காலம்" என்று கைபேசி சொல்லும்போது குன்னூர்ப் பாத்தியில் வேறொன்று நடந்துகொண்டிருக்கும்.

படம் பார்த்து நோய் சொல்லும் நுட்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உருளைக்கிழங்கின் இலைக்கருகல் நோய் இலையில் தெரியும், கருவி கண்டுபிடித்துவிடும். மேலே சொன்ன முட்டைக்கோஸ் வாட்டத்துக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கலாம். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சல்லி வேர் இருக்க வேண்டிய இடத்தில் விரல் விரலாக வீங்கிய கட்டிகள் தெரியும். கிளப் ரூட் என்று தோட்டக்கலைத் துறையினர் சொல்லும் இந்த நோய் புளிப்பு மண்ணில் செழிக்கும். தேயிலைக்கு உகந்த நீலகிரி மண் புளிப்பு மண்தான். மேலே வாடிய இலையை மட்டும் படம் எடுத்தால் "தண்ணீர் பற்றாக்குறை" என்றே பதில் வரக்கூடும். அதை நம்பி இன்னும் தண்ணீர் விட்டால் கேடு கூடும், ஈரமண்ணில் அந்தக் கிருமி நீந்திப் பரவுவது. இந்த இடத்தில் நல்ல செயலி ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும்: "ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டுங்கள்." அதன் பிறகு, இந்தப் பாத்தியில் போன இரண்டு வருடம் என்ன போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம்; மாற்றி மாற்றி இவற்றையே போட்டால் பயிர் சுழற்சி ஆகாது. சுண்ணாம்போ டாலமைட்டோ இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும். பாத்தியின் வரலாறு தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கேட்க முடியும். கூட்டுத் தோட்டத்தில் பாத்திகள் கைமாறும். போனவர் என்ன போட்டார் என்று வந்தவருக்குத் தெரியாது. செயலியின் முதல் பயனை நான் இங்கே காண்கிறேன்: பாத்திவாரியான நினைவு.

வெளியுலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டா என்று தேடினால், தொழில்நுட்பத்தைவிட அதைச் சூழ்ந்த ஏற்பாடுகளே கவனத்தை இழுக்கின்றன. சிங்கப்பூரின் தேசியப் பூங்கா வாரியம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டம் இன்று ஈராயிரத்துக்கு மேற்பட்ட தோட்டங்களாகப் பெருகியிருக்கிறது. அடுக்ககங்களின் அடியில் தமிழர்கள் வளர்க்கும் கறிவேப்பிலையும் முருங்கையும் அவற்றில் உண்டு. அங்கே வெற்றி பெற்றது குழுவாகச் சேர்ந்தால்தான் இடம் கொடுப்போம் என்ற விதியும், வந்து பார்த்துச் சொல்லித்தரும் அலுவலர்களும் தொண்டர்களும். நியூயார்க்கில் 2011இல் எழுந்த '596 ஏக்கர்ஸ்' என்ற முயற்சி, புரூக்ளினில் சும்மா கிடந்த அரசு நிலத்தை வரைபடத்தில் காட்டியது. அதோடு நிற்காமல், ஒவ்வொரு காலி மனையின் வேலியிலும் "இது உங்கள் நிலம், இன்ன அலுவலகத்தைக் கேளுங்கள்" என்ற பொருளில் அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். வரைபடத்தைக் கணினியில் யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம்; நடந்துபோகையில் அட்டையைப் பார்த்தவர்தான் அந்தத் தெருவில் குடியிருப்பவர். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நகரப் பண்ணையில் சாரா ஹைட்லிங்கர் குழுவினர் நடத்திய 'கனெக்டட் சீட்ஸ்' ஆய்வு, வங்காளதேசத்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள் வளர்க்கும் விதைகளைச் சேகரித்தபோது அவர்களுடைய குரலையும் சேர்த்தே சேகரித்தது. எந்த விதை, யார் கொடுத்தது, எப்படிச் சமைப்பது என்று வளர்த்தவரே பேசுகிறார்.

இலங்கையில் 2022 நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் போடட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுப்புக் கொடுத்தார்கள். 2013இல் சென்னையிலும் கோவையிலும் தமிழகத் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்பைச் சலுகை விலையில் வழங்கியது; பையும் தென்னைநார்க் கழிவும் விதையும் அதில் இருந்தன. இரண்டும் நல்ல நோக்கங்கள். ஆனால் நேரம் கொடுத்ததும் பொருள் கொடுத்ததும் தனித்தனி வீட்டுக்கு. பக்கத்து மாநிலமான கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் முறை இதற்கு மாறானது. கடனும் கணக்கும் உழைப்பும் குழுவின் பெயரில் இருப்பதால் ஒருவர் சோர்ந்தாலும் தோட்டம் சோர்வதில்லை. குன்னூரின் சுயஉதவிக் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கிருந்துதான்.

கருவியைப் பற்றிய பாடங்கள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. 1998இல் புதுச்சேரி கிராமங்களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அறிவு மையங்களைத் திறந்தது. வீராம்பட்டினத்தில் கணினி வழியாக வந்த அலை உயரத் தகவலை, மையத்தில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை. குஜராத்தில் சுமார் 2008இல் நீல் படேல் குழுவினர் அமைத்த 'அவாஜ் ஒட்லோ', எந்தச் சாதாரண போனிலிருந்தும் அழைத்துக் கேள்வியைப் பதிவு செய்யவும் மற்றவர் கேள்வி–பதில்களைக் கேட்கவும் வழி செய்தது. அதையொட்டிய ஆய்வில், பேச்சால் கட்டளையிடுவதைவிட எண் பொத்தானை அழுத்துவதே விவசாயிகளுக்கு எளிதாக இருந்தது என்று தெரிந்தது. கேள்வியைப் பேச்சில் சொல்லட்டும், வழியைப் பொத்தானில் தேர்ந்தெடுக்கட்டும் என்ற இந்தப் பாகுபாடு இன்றைக்கும் பொருந்தும். 'டிஜிட்டல் கிரீன்' 2006 முதல் காட்டியது வேறொன்று: பக்கத்து ஊர் விவசாயி நடித்த வீடியோவை, ஊர்க்காரர் ஒருவர் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டுக் காட்டும்போதுதான் பார்ப்பவர் செய்து பார்க்கிறார். நம் மலையிலேயே கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பின் சமுதாய வானொலி ஆதிவாசி மொழிகளில் பேசுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. எங்கே கருவி பயன்பட்டதோ அங்கே கருவிக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றிருக்கிறார்.

இதை எழுதும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வராமல் இராது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுச் சாசனம் ஆண்டு வாரியம், ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் ஒன்றையும் குறிப்பிடுகிறது. தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலை முறையில் தேர்வு. அண்மை மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. நிலமும் கல்வியும் உள்ள பிராமணர் சபையின் விதிகள் அவை. அந்த எல்லையை மறந்து பெருமை பேசக் கூடாது. என்றாலும், பொதுத் தோட்டத்தைப் பேண முறை, தவணை, கணக்கு மூன்றும் எழுத்தில் வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. பொதுச் சொத்தை மக்களே பேணுவதைப் பற்றி 1990இல் நூல் எழுதி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் பார்த்துக் கண்டதும் இதற்கு அருகில்தான் வருகிறது: பயன்படுத்துவோரே விதி வகுக்க வேண்டும், அவர்களே கண்காணிக்க வேண்டும், தவறினால் முதல் தடவை சிறு தண்டனை போதும். செயலி விதியைத் திணிக்கக் கூடாது; குழு வகுத்த விதியை மறக்காமல் வைத்திருந்தால் போதும்.

இப்போது குன்னூரில் இந்த வேலைகளைச் செய்வது வாட்ஸ்அப். அதை வெல்ல நினைக்கும் எந்தச் செயலியும் தோற்கும் என்றே தோன்றுகிறது. குரல் பதிவு, படம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேதி எல்லாம் அதில் உண்டு. யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதன் குறை நினைவின்மை. செவ்வாய்க்கிழமை ஒருவர் சொன்ன வேப்பங்கொட்டைக் கரைசல் அளவு, வெள்ளிக்கிழமைக்குள் காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் புதைந்துவிடுகிறது. ஆகவே புதிய செயலி வாட்ஸ்அப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். குழுவில் வரும் குரல் பதிவுகளில் தோட்டத்துக்கு உரியதை ஒருவர் தேர்ந்து அனுப்பினால், அதைப் பாத்தி, பயிர், மாதம் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் திரை எப்படி இருக்கலாம் என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். மேலே பெரிய எழுத்தில் இன்றைய தண்ணீர் முறைக்காரரின் பெயரும் முகமும். கீழே மூன்றே பொத்தான்கள்: "விட்டாச்சு", "என்னால முடியாது", "தண்ணி வரல". முதல் பொத்தானை அழுத்தினால் நாளைக்கானவருக்குச் சேதி போகும். இரண்டாவதை அழுத்தினால், காரணம் கேட்காமல், மாற்றாள் யார் என்று குழுவைக் கேட்கும். காரணம் கேட்கத் தொடங்கினால் மனிதர்கள் பொத்தானைத் தொட மாட்டார்கள். மூன்றாவது பொத்தான்தான் குன்னூருக்கே உரியது. ரேலியா அணையில் நீர் குறையும் கோடையில் நகரத்துக் குழாய்கள் பல நாட்களுக்கு ஒருமுறைதான் திறக்கும். எந்தத் தேதியில் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்ற பதிவு நான்கு மாதம் சேர்ந்தால், கோடைக்கு என்ன பயிர் போடலாம், எவ்வளவு பாத்தியைத் தரிசாக விடலாம், மழைநீருக்கு எத்தனை டிரம் வேண்டும் என்று குழு தானே முடிவெடுக்கும். இந்தப் பட்டியலோடு நகராட்சிக்குப் போனால் மனுவுக்கும் ஒரு வலு வரும்.

பொத்தான்களை அழுத்தும்போது சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். பள்ளத்து லைன்களில் அலைவரிசை கிடைக்காது; காற்று வீசினால் மரம் விழுந்து மின்சாரம் போகும். அழுத்தியதைப் போனிலேயே வைத்திருந்து, கடைவீதிக்கு வரும்போது அனுப்பினால் போதும். மொழியும் ஒன்றாக இல்லை. படகருக்கு வீட்டுமொழி படுகு, எழுதுவது பெரும்பாலும் தமிழில். எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் குடியிருக்கின்றன. பாத்தி அவர்களுக்கும் உண்டு. எழுத்தைக் குறைத்து, முகப்படத்தையும் குரலையும் கூட்டுவது இங்கே கட்டாயம்.

பனியைப் பற்றிய நினைவும் செயலியில் சேர வேண்டியது. டிசம்பர், ஜனவரியில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வெலிங்டன் மைதானத்துப் புல் வெள்ளையாக இருக்கும் அதே காலையில், நூறு அடி மேலேயுள்ள அவரைப் பந்தல் தப்பிவிடும். வானிலை நிலையத்தின் ஒரே எண் இதைச் சொல்லாது. "நேற்று கீழ்ப்பாத்தியில் பனி கொட்டியது, மேலே இல்லை" என்ற ஐந்து நொடிக் குரல் சொல்லும். தேயிலைக்காரர்கள் இளஞ்செடிகளை மிலார்த் தழையால் மூடுவதைப் பார்த்தவர்களுக்கு மூடும் வழி தெரியும். எந்த இரவில், எந்தப் படியில் மூட வேண்டும் என்பதைத்தான் பல ஆண்டுப் பதிவு சொல்லித்தர வேண்டும்.

விதைப் பரிமாற்றம் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் தோட்டச் செயலி செய்ய நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் வசதி இது. கைப்பிடி விதை கொடுத்து வாங்குவது நம் பழக்கம். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் மறைந்துபோன ரகங்களை அப்படித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோயின. அவரை, பீன்ஸ், சாமை, ராகி, கீரை விதைகளை நீலகிரியிலும் அப்படித் தாராளமாகப் பரப்பலாம். உருளைக்கிழங்கைப் பரப்பக் கூடாது. 1961இல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டார். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான். குண்டூசித் தலையளவுள்ள ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு போடாமலே விட்டாலும் அவை மண்ணில் இருபது ஆண்டுகள்வரை உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண் போதும், அடுத்த ஊருக்குப் போய்விடும். 1971இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததன் காரணம் இதுதான். "என் வீட்டுக் கிழங்கு நன்றாக வந்தது, நாலு கிழங்கு தருகிறேன்" என்ற அன்பான வார்த்தைதான் இந்தப் புழுவுக்கு நல்ல வாகனம். எனவே செயலியில் விதைப் பகிர்வுப் பட்டியலில் உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி வைத்து, காரணத்தைச் சொல்லி, முத்தோரை நிலையத்துக்கு வழிகாட்ட வேண்டும். குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா போன்ற புழுவைத் தாங்கும் ரகங்கள் இந்த மலைக்காகவே வந்தவை. மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த தோட்டத்தில் இறங்குங்கள் என்பதையும் குரலில் சொல்லிவிடலாம்.

காட்டெருமைகளைப் பற்றிச் சொல்லாமல் குன்னூர்த் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. மாலை மயங்கும் நேரத்தில் தேயிலைக்குள்ளிருந்து இறங்கி, பழைய சேலையைச் சுற்றிக் கட்டிய வேலியைத் தோளால் தள்ளிவிட்டு, ஒரே இரவில் கோஸ் பாத்தி முழுவதையும் முடித்துவிட்டுப் போகும். முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும், குரங்கு காயைப் பிடுங்கும், கரடி பேரி மரத்தில் ஏறும். "மாடு இறங்கியிருக்கு, பிள்ளைங்கள வெளிய விடாதீங்க" என்ற சேதி பயிரைவிட உயிருக்குத் தேவை. அதே சேதி ஊருக்கு வெளியே போனால் ஆபத்து. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கக் கூடினால் மிரண்ட விலங்கு மனிதரைத் தாக்கும். எனவே எச்சரிக்கை அந்தத் தெருவோடு நிற்க வேண்டும். சில மணி நேரத்தில் தானாக அழிய வேண்டும். படம் சேர்க்கும் வசதி அதில் இருக்கக் கூடாது.

வரைபடத்தைப் பற்றியும் எனக்கு அச்சம் உண்டு. நியூயார்க்கில் வரைபடம் நிலம் இல்லாதவருக்கு நிலத்தைக் காட்டிக்கொடுத்தது. இங்கே எஸ்டேட் நிலத்தில் வாய்வழி அனுமதியோடு கீரை போடும் ஒருவரின் பாத்தியைச் செயற்கைக்கோள் படத்தில் பச்சைக் கட்டமாகக் காட்டினால், அது அவரையே காட்டிக்கொடுக்கலாம். ஓடைப் புறம்போக்கில் பயிர் செய்பவருக்கும் அப்படியே. எனவே இடத்தைச் செயலி "ஓடைப் பக்கத்துக் கீழ்ப்படி" என்று குழுவுக்குப் புரியும் பெயரில் வைத்துக்கொள்ளட்டும். அட்சரேகை தீர்க்கரேகை எதையும் சேகரிக்க வேண்டாம். சேகரிக்காத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது. விளைச்சல் அளவையும் விற்ற பணத்தையும் குழு விரும்பினால் ஒழிய வெளியே காட்டக் கூடாது. அதிகம் விளைவித்தவருக்குப் பதக்கம், தொடர்ந்து வந்தவருக்குப் புள்ளி என்று விளையாட்டாக்கும் பழக்கம் இப்போது எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. ஒரு லைன் வரிசையில் அது பொறாமையை விதைக்கும். முழங்கால் வலியோடு தினம் வந்து களை எடுக்கும் பாட்டிக்கு அந்தப் புள்ளிக்கணக்கு நியாயம் செய்யாது.

உரத்தின் பக்கம் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கி உரமாக்கும் ஏற்பாடு நகராட்சிகளில் வந்துவிட்டது. ஒட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கில் 'கிளீன் குன்னூர்' தன்னார்வலர்கள் செய்த வேலை ஊருக்கே தெரியும். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மூட்டை உரம் வேண்டும் என்று மாதம் ஒரு தடவை கேட்டுத் தொகுத்தால், ஒரே வண்டியில் ஏற்றி இறக்கிவிடலாம். சரிவான ஊரில் மூட்டையைத் தலையில் தூக்கி ஏறுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

இதையெல்லாம் யார் நடத்துவது? ஒரு செயலியைச் செய்து வெளியிட்டுவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடும் நிறுவனங்களால் இது ஆகாது. வேளாண் அறிவியல் நிலையம் அறிவுரைக்குப் பொறுப்பேற்கலாம், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு கணக்குக்கு. முதல் சோதனையைப் பர்லியாற்றில் ஒன்று, நகரத்துக்குள் ஒன்று, கேத்திப் பள்ளத்தாக்கில் ஒன்று என்று மூன்று உயரங்களில் வைத்து, கார்போகம் தொடங்கி நீர்போகம் முடியும்வரை ஓட்டிப் பார்க்கலாம். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை எண்ண வேண்டாம். தண்ணீர் முறை தவறிய நாட்கள் குறைந்தனவா, விலகியவர் பாத்தி எத்தனை நாளில் மறு ஆளுக்குப் போனது, ஒரே குடும்பப் பயிர் திரும்பத் திரும்பப் போடுவது நின்றதா என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் முறைப்பட்டியலையும் கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டு அங்கன்வாடிச் சுவரில் ஒட்ட வேண்டும், போன் இல்லாதவரும் தன் பெயரைப் பார்க்கும்படி. இதற்கெல்லாம் தோட்டம் தோட்டமாக நடந்துபோய், குரல் பதிவைக் கேட்டுப் பிரித்து, நிலையத்திடம் பதில் வாங்கி, தாளை ஒட்டிவிட்டு வர ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அந்த லைன்களில் வளர்ந்த, இரண்டு மூன்று மொழி பேசும் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது. திட்டத்துக்குக் கிடைக்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது அவருடைய மூன்றாண்டுச் சம்பளத்தை. மிச்சத்தில் மென்பொருள் செய்துகொள்ளலாம்.